திரையில் உழைப்பு: பார்க்கத்தக்க சில படங்களும் தொடர்களும்

திரைப்படக் கலையின் தோற்றம் பற்றிப் பேசுவோர் 1895 டிசெம்பர் 28 ஆந் திகதி பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் நடத்திய காட்சியினைத் தவறாது குறிப்பிடுவர். கட்டணம் செலுத்தி வந்தோருக்கு அன்று காட்டப்பட்ட குறும்படங்களுள் ஒன்று, லியோன் நகரிலிருந்த லூமியர் தொழிற்சாலையினின்று தொழிலாளர் வெளியேறுவதைக் காட்டுவதாகும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அப்படத்திலே வாயில் திறக்கின்றது. பெண்களும் ஆண்களும் வெளியே வருகின்றனர். வாயிலுக்கு உள்ளே அன்று நடந்த வேலை எதுவும் காட்டப்படவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1995 இல், ஜேர்மானிய நெறியாளர் ஹாருன் பரோக்கி இதே தலைப்பில் ஒரு படஞ் செய்து, சினிமாக் கதைகள் பெரும்பாலும் வேலை முடிந்த பின்னரே தொடங்குகின்றன என்பதைச் சுட்டிக்காட்டினார். காதலும் குற்றமும் குடும்பச் சச்சரவும் அந்த வாயிலுக்கு வெளியே நிகழ்வன. மனிதனின் விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியை விழுங்கிவிடும் உழைப்போ திரைக்குப் பின்னே நின்றுவிடுகின்றது.

மாணவரும் நண்பரும் 'அண்மையில் வந்தவற்றுள் பார்க்கத்தக்கது எது?' என்று வினவும் போதெல்லாம் இச்செய்தியே என் நினைவுக்கு வருவதுண்டு. அவ்வினாவுக்குச் சில படங்களையும் தொடர்களையும் பரிந்துரைத்து விடையளிப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். எனினும், பரிந்துரை என்ற செயல் இன்று அடைந்துள்ள மாற்றத்தினை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு காலத்தில் நண்பர், ஆசிரியர், விமரிசகர், திரைப்படச் சங்கத்தார் ஆகியோர் செய்து வந்த இப்பணியை இணைய ஒளிபரப்பு நிறுவனங்களின் கணிப்பொறிகள் தமதாக்கிக் கொண்டுள்ளன. தன் பரிந்துரைகளின் துல்லியத்தைப் பத்து வீதத்தால் உயர்த்துவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு என 2006 இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் போட்டியொன்றை அறிவித்து, 2009 இல் அப்பரிசினை வழங்கியமை பலரும் அறிந்ததே. ஒருவர் நேற்றுப் பார்த்ததைக் கொண்டு நாளை பார்க்கக்கூடியதை ஊகிக்கும் இம்முறை, காரணம் எதனையும் கூறுவதில்லை. கூற வேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை. காரணங் கூறுவதும், கூறிய காரணத்துக்காக மறுக்கப்படுவதற்கு ஆயத்தமாயிருப்பதும் விமரிசனத்தின் இயல்புகளாகும். ஆகவே பின்வரும் பரிந்துரைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுகோலையே கையாண்டுள்ளேன்: இப்படைப்பில் உழைப்பு எவ்வாறு தோன்றுகின்றது?

உழைப்பு திரையில் மூன்று வகையாகத் தோன்றலாம். அது வெறும் பின்னணியாக அமையலாம். இரக்கத்துக்கோ இரசனைக்கோ உரிய காட்சிப் பொருளாக அமையலாம். அன்றி, மனிதர்க்கிடையிலான ஓர் உறவாக - யார், யாருக்காக, எந்நிபந்தனையில் உழைக்கின்றனர் என்ற கேள்வியை எழுப்பும் உறவாக - அமையலாம். நாவலிலே விபரிப்புக்கும் எடுத்துரைப்புக்கும் உள்ள வேறுபாட்டை 1936 இல் ஆராய்ந்த லூக்காஸ் வலியுறுத்தியது இம்மூன்றாவது வகையின் சிறப்பினையே எனலாம்.

வாழை

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஓகஸ்டில் வெளிவந்தது. தமிழ்நாட்டின் தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலே, பாடசாலை விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கச் செல்லும் சிறுவனின் கதை இது. நெறியாளரின் சொந்த இளமை அனுபவத்தை அடியொற்றியது. கல்வியில் முதன்மையாயிருக்கும் சிறுவன் சுமையை வெறுக்கின்றான். தாய் பட்ட கடனோ அவனை வயலுக்குத் துரத்துகின்றது. சேற்றில் நடக்கும் கால்கள், கழுத்தை அழுத்தும் தார், வரப்பின் நீளம் ஆகியவற்றைப் பார்வையாளனும் தன் உடலால் உணருமாறு படம் செய்கின்றது.

ஆயினும் இப்படத்தை நான் பரிந்துரைப்பதற்கான காரணம் அதன் உருக்கமன்று. தாரொன்றுக்கான கூலியை உயர்த்துமாறு தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்கின்றனர், கூலியும் உயர்கின்றது. கொடுத்ததை வேறு வழியில் மீட்க முனையும் தரகன், தொழிலாளரைத் தார் ஏற்றிய லொறியின் மேலேயே அமர்ந்து பயணஞ் செய்ய வைக்கின்றான். முடிவில் நேரும் கோர விபத்து விதியின் விளையாட்டாக அன்றி, கூலிக் கணக்கின் தொடர்ச்சியாகவே நிகழ்கின்றது. கூலிக்கும் இலாபத்துக்கும் இடையிலான முரண்பாடு தமிழ்த் திரையில் இத்துணைத் தெளிவாகக் காட்டப்பட்டமை அரிது. மலையகத் தோட்டங்களில் 2021 இல் நாட்கூலி 1,000 ரூபாவாக்கப்பட்ட வேளை, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் உயர்த்தப்பட்டதெனத் தொழிலாளர் முறையிட்டமையை அறிந்த எமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆசிரியை மீது சிறுவன் கொள்ளும் ஈர்ப்பைச் சொல்லும் பகுதிகள் தேவைக்கு மேல் நீண்டுவிட்டன என்பதையும் கூறிவைத்தல் வேண்டும்.

ஒளியென நாம் நினைப்பவை எல்லாம்

'ஆல் வீ இமேஜின் அஸ் லைட்' என்ற பெயரில் வெளிவந்த இப்படத்துக்காகப் பாயல் கபாடியா 2024 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் இரண்டாவது உயர்விருதான 'கிராண்ட் பிறீ'யைப் பெற்றார். முப்பது ஆண்டுகளின் பின் அவ்விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தெரிவான இந்தியப் படம் இதுவாகும். மும்பை வைத்தியசாலை ஒன்றில் பணிபுரியும் கேரளத் தாதியர் இருவரும், அங்கு சமையல் வேலை செய்யும் பார்வதி என்ற விதவையும் இதன் மையப் பாத்திரங்கள். மலையாளம், ஹிந்தி, மராத்தி ஆகிய மொழிகள் கலந்து ஒலிக்கும் இப்படம், நகருக்குப் பிழைப்புத் தேடி வந்தோரின் குரல்களுடனேயே ஆரம்பிக்கின்றது.

பார்வதியின் கணவர் பஞ்சாலைத் தொழிலாளி. அவர் இருந்த வீட்டைக் கட்டட முதலாளி பறிக்க முற்படும்போது, அங்கு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தமைக்கு ஆதாரமாய்க் காட்ட ஒரு கடதாசியேனும் அவளிடம் இல்லை. இதன் பின்னால் வரலாறு உண்டு. 1982 சனவரியில் தத்தா சமந்த் தலைமையிலே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் தோல்வியுற்றது, ஆலைகள் மூடப்பட்டன, ஆலை நிலங்களில் வானளாவும் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அந்த நீண்ட தோல்வியின் எச்சமே பார்வதி. மேட்டுக்குடியினருக்கான குடியிருப்பினைப் புகழும் விளம்பரப் பலகைமீது இரு பெண்கள் இருளில் கல்லெறிந்து சிரிக்கும் காட்சி, பல பிரசாரப் படங்கள் கூற முயன்று இயலாது போனதைக் கூறிவிடுகின்றது. பிற்பகுதியில் கதை கடற்கரைக் கிராமத்துக்கு நகர்ந்ததும், நகரம் எழுப்பிய வினா விடையின்றி நின்றுவிடுகின்றது என்ற குறைபாடு எனக்கு உண்டு. ஆனால், மூன்று பெண்களும் ஒருவருக்கொருவர் துணையாகும் அந்த நட்பு, வினாவை மறைப்பதில்லை.

பரடைஸ்

பிரசன்ன விதானகே நெறிப்படுத்திய இப்படம் 2023 இல் பூசான் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பெற்று, அங்கு கிம் ஜிசியோக் விருதினைப் பெற்றது. காலம் 2022, எரிபொருளும் மின்சாரமும் இன்றி நாடு தத்தளித்த மாதங்கள். மலையாளத் தம்பதியினர் தமது திருமண நிறைவு நாளைக் கொண்டாட இலங்கையின் 'இராமாயணத் தலங்களை'ப் பார்க்க வருகின்றனர். நாட்டின் வீழ்ச்சி அவர்களுக்கு மலிவான விடுமுறையாகின்றது. இணைய ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று கணவனின் தொடர் முயற்சிக்கு இசைவு தெரிவித்திருக்கும் வேளையில், அவனது மடிக்கணினி களவு போகின்றது. பொலிசாரை அவன் நெருக்குகின்றான். பொலிசார் தோட்டத் தமிழ் இளைஞரைப் பிடித்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் காவலில் இறந்துவிடுகின்றார்.

ஒரு மடிக்கணினிக்கும் ஓர் உயிருக்கும் இடையில் யார் எவ்வாறு விலை நிர்ணயிக்கின்றனர் என்பதே படத்தின் பொருள். கொடியவர் எவருமின்றியே கொடுமை நிகழ்கின்றது. தனது உடைமையைத் திரும்பக் கேட்கும் நாகரிகமான மனிதன், மேலிடத்தைத் திருப்திப்படுத்த வேண்டிய உத்தியோகத்தன், உல்லாசப் பயணியின் மனங்கோணாது பேசுவதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டி ஆகிய மூவரின் அன்றாட நடத்தையே அதற்குப் போதுமானதாகின்றது. வழிகாட்டியாக வரும் ஷியாம் பெர்னாண்டோவின் நடிப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. எனினும், எவரது மரணத்தைப் பற்றிய படமோ அவர்கள் வாய்திறந்து பேசும் நேரம் இப்படத்தில் மிகக் குறைவு. மலையக மக்கள் இங்கு பிறரது மனச்சாட்சியைச் சோதிக்கும் கருவியாகவே நின்றுவிடுகின்றனர். பார்த்து விவாதிக்க வேண்டிய படம் என்பதனாலேயே இதனையும் கூறுகின்றேன்.

பேர்பெக்ட் டேய்ஸ்

விம் வென்டர்ஸ் 2023 இல் யப்பானில் எடுத்த இப்படத்தில் ரோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தஞ் செய்யும் ஹிராயமா என்பவரின் நாட்கள் காட்டப்படுகின்றன. கோஜி யக்குஷோ இதற்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அதிகாலையில் எழுதல், பல்துலக்கல், வாகனமேறல், துடைத்தல், கழுவுதல், மரநிழலைப் படம்பிடித்தல், இரவில் வாசித்தல் என ஒரே ஒழுங்கில் நாட்கள் கழிகின்றன. வேலை இங்கு திரையின் நடுவிலேயே நிற்கின்றது. ஆயின் அது தியானமாக மாறிவிடுகின்றது.

கட்டடக் கலைஞர் பலரைக் கொண்டு ஷிபுயாப் பகுதியில் பதினேழு பொதுக் கழிப்பறைகளைப் புதிதாக அமைத்த திட்டமொன்றினை விளம்பரப்படுத்தும் முயற்சியாகவே இப்படத்தின் எண்ணம் முளைத்தது. அத்தோற்றுவாயின் தடயம் படத்தில் அழியவில்லை: இக்கழிப்பறைகள் ஏலவே சுத்தமாயிருக்கின்றன. சகோதரி சாரதி ஓட்டும் காரில் வந்திறங்கும்போது, ஹிராயமாவின் எளிமை அவராகத் தெரிந்தெடுத்த எளிமை என்பதும் புலனாகின்றது. தெரிந்தெடுக்கும் வாய்ப்பற்ற துப்புரவுத் தொழிலாளிக்கு இத்தியானம் கிட்டுமா? படத்தை இவ்வினாவோடு பார்க்குமாறு கேட்டுக்கொள்வேன். ஓரிடத்தில் மட்டும் உண்மை தலைநீட்டுகின்றது. உடன் வேலை செய்யும் இளைஞன் திடீரென விலகிவிட, அவனுடைய பங்கையும் சேர்த்துச் செய்து இரவு வரை அலையும் ஹிராயமா, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சினந்து பேசுகின்றார். அமைதி குலைந்த அக்கணத்திலேதான் அவர் தொழிலாளியாகத் தோன்றுகின்றார்.

செவரன்ஸ்

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வருவோம். டான் எரிக்சன் உருவாக்கிய 'செவரன்ஸ்' தொடரின் முதற் பருவம் 2022 இலும் இரண்டாவது 2025 இலும் வெளிவந்தன. ஒரு நிறுவன ஊழியரின் மூளையில் சத்திரசிகிச்சை செய்து அவர்தம் நினைவை இரண்டாகப் பிரித்துவிடுகின்றனர். அலுவலகத்துள் இருப்பவருக்கு வெளியுலகம் தெரியாது. வெளியே இருப்பவருக்கு அலுவலகம் தெரியாது. உள்ளே இருப்பவர் திரையில் தோன்றும் எண்களை நாள்தோறும் தரம் பிரிக்கின்றார். எதை உற்பத்தி செய்கிறோம் என்பதை அவர் அறியார். நன்கு உழைத்தால் விளையாட்டுப் பொருளும் சிற்றுண்டி விருந்தும் கிடைக்கும்.

மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் ஆராய்ந்த அந்நியமாதல் என்னும் கருத்தை மாணவருக்கு விளக்க இதனினும் ஏற்ற கற்பனையை நான் கண்டதில்லை. தன் உழைப்பின் விளைபொருளுக்கும், உழைப்புச் செயலுக்கும், சக மனிதருக்கும், ஈற்றில் தனக்குமே மனிதன் அந்நியனாகும் நிலை இங்கு கதையின் அடிப்படை விதியாகவே அமைந்துள்ளது. உள்ளே இருக்கும் ஹெலி என்ற பெண் தப்பிச் செல்லத் துடிக்கின்றாள். வெளியே அவளே நிறுவன உரிமையாளர் குடும்பத்தின் மகள். தன்னைத் தானே சுரண்டும் ஒருவரைக் காட்டும் இத்திருப்பம், சுரண்டல் என்பது தனிமனிதக் குணமன்று, அமைப்பில் வகிக்கும் இடத்தின் விளைவு என்பதை உணர்த்துகின்றது. இரண்டாம் பருவத்தில் மர்மத்தின் மீதான நாட்டம் இத்தெளிவினை ஓரளவு மங்கச் செய்கின்றது. உலகின் மிகப்பெரிய கொம்பனிகளுள் ஒன்றான அப்பிள் நிறுவனமே இத்தொடரை ஒளிபரப்புகின்றது என்பதும் கருதத்தக்கது.

ஸ்குவிட் கேம்

அம்முரண்பாட்டின் முழு வடிவையும் இக்கொரியத் தொடரிற் காணலாம். முதற் பருவம் 2021 செப்டெம்பரில் வந்தது. கடனில் மூழ்கிய 456 பேர் சிறுவர் விளையாட்டுகளில் உயிரைப் பணயம் வைத்துப் பணத்துக்காகப் போட்டியிடுகின்றனர். கதாநாயகன் கார் தொழிற்சாலையிலிருந்து வேலைநீக்கப்பட்டவன். 2009 இல் தென் கொரியாவின் பியொங்டெக் நகரில் சங்யோங் மோட்டார் தொழிலாளர் தொழிற்சாலையைக் கைப்பற்றி 77 நாட்கள் நடத்திய போராட்டமும், அதன்மீது ஏவப்பட்ட வன்முறையும் அவனது நினைவில் நிழலாடுகின்றன. கூலி மறுக்கப்பட்ட பாகிஸ்தானியத் தொழிலாளி அலியின் பாத்திரமும் அத்தகையதே. நெறியாளர் ஹுவாங் டொங்-ஹியுக் இக்கதையை எழுதி ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதற்கு முதலீட்டாளர் கிடைக்காது அலைந்தவர்.

தொடர் உலகெங்கும் வெற்றி பெற்றதும் நிகழ்ந்தது என்ன? 2023 நவம்பரில் அதே நெட்பிளிக்ஸ் நிறுவனம், 456 மெய்யான மனிதரைப் போட்டியிட வைத்து, 45 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் பரிசுடன் உண்மைப் போட்டி நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியது. எந்த அமைப்பைக் கண்டிக்கக் கதை பிறந்ததோ, அவ்வமைப்பு அக்கண்டனத்தையே பண்டமாக்கி விற்றுவிட்டது. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வந்த பின்னிரு பருவங்கள் முதலதன் வலுவை எட்டவில்லை. முதற் பருவத்தை மட்டும் பார்க்குமாறு கூறுவேன். பார்த்த பின் அதற்கு நேர்ந்த கதியையும் அதன் ஈற்று அத்தியாயமாகக் கொள்க.

மிஸ்டர் பேற்ஸும் தபால் திணைக்களமும்

அவ்வாறாயின், மூலதனத்தின் திரையிலே தோன்றும் எந்தக் கண்டனமும் பயனற்றதுதானா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 2024 சனவரியில் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. தொலைக்காட்சி நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய 'மிஸ்டர் பேற்ஸ் வேர்சஸ் த போஸ்ற் ஒபிஸ்' என்ற நாடகத்தைப் பார்த்தல் வேண்டும். கிவினெத் ஹியூஸ் எழுதிய இதில் டோபி ஜோன்ஸ் அலன் பேற்ஸாக நடித்துள்ளார். தபாற் கந்தோர்களில் நிறுவப்பட்ட 'ஹொரைசன்' என்ற கணக்குக் கணினி முறைமையின் பிழைகளால், இல்லாத பணப் பற்றாக்குறைகள் தோன்றின. அவற்றை உபதபாலதிபர்கள் தம் கைப்பணத்தால் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. 1999 முதல் 2015 வரை தொளாயிரத்துக்கும் மேற்பட்டோர் களவு, பொய்க் கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். தென்னாசிய வம்சாவளியினரும் அவர்களுட் பலர்.

நாடகம் ஒளிபரப்பாகிய சில நாட்களிலேயே அரசாங்கம் சட்டமியற்ற உறுதியளித்தது. 2024 மே 24 இல் அத்தண்டனைகளை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. இதனைக் கலையின் மாயசக்தி எனக் கொள்வது தவறாகும். நாடகத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பேற்ஸ் தமது போராட்டத்தைத் தொடங்கிவிட்டார். 2009 இல் ஒரு கிராம மண்டபத்திலே பாதிக்கப்பட்டோர் முதன்முறையாகக் கூடினர். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கிலே 2019 இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கம் இருந்தது, ஆவணம் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. இல்லாதிருந்தது பொதுமக்களின் சினம். நாடகம் அதனைத் திரட்டியது. போராட்டத்துக்குப் பதிலியாகக் கலை நிற்க இயலாது. நடந்துகொண்டிருக்கும் போராட்டத்தை நாட்டின் பொதுப் பொருளாக்க அதனால் இயலும்.

இந்நாடகத்தில் மனதை மிக உறுத்தும் விடயம் ஒன்றுண்டு. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த உபதபாலதிபர் ஒவ்வொருவருக்கும், இத்தகைய சிக்கல் வேறெவருக்கும் இல்லை, உமக்கு மட்டுமே என்று கூறப்பட்டது. தனித்தனியே நாணி ஒடுங்கியவர்கள், தாம் நூற்றுக்கணக்கானோர் என அறிந்த கணமே வரலாறு திரும்பத் தொடங்கிய கணமாகும்.

பரிந்துரை பற்றித் தொடக்கத்திற் கூறியதை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். 'உமக்கென்றே தெரிந்தெடுத்தவை' எனத் திரையில் வரிசைப்படுத்தும் கணிப்பொறியும், ஒவ்வொருவரின் இரசனையும் அவரவர்க்கு மட்டுமே உரியதென்றே போதிக்கின்றது. அறைக்குள் தனித்திருந்து, பார்த்ததை எவரோடும் பேசாது அடுத்ததற்கு நகரும் பார்வையாளனே அதன் இலட்சியப் பார்வையாளன். மேற்கூறிய ஏழனுள் ஒன்றையேனும் பல்கலைக்கழக விடுதியிலோ, ஊர் வாசிகசாலையிலோ, தோட்ட மண்டபத்திலோ பலர் கூடியிருந்து பார்த்து, முடிந்த பின் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் வாதிடுவது இன்றும் இயலாத காரியமன்று. என் அளவுகோலையே அவ்விவாதத்தில் எவரும் மறுக்கலாம். மறுப்பவர் தமக்கான காரணத்தைக் கூறவேண்டியிருக்கும். கேட்பவர் அதனை எடைபோடவேண்டியிருக்கும். விமரிசனம் தொடங்குமிடம் அதுவே.